பிள்ளை சொன்னால் காது கொடுப்போமா?

காலையில் பிள்ளைக்குத் தலை வாரி விடுகிறோம். பையைத் தோளில் மாட்டி விடுகிறோம். தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்க்கிறோம். அப்புறம் நம் வேலைக்குப் போய்விடுகிறோம். சாயங்காலம் நாலு மணி வரை பிள்ளை பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. அங்கே கூரை உறுதியாக இருக்கும், சோறு சுத்தமாக இருக்கும், யாரும் பிள்ளையைத் துன்புறுத்த மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண் போவதில்லை. நம் நாட்டில் கோடிக்கணக்கான பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். ஆனால் சில ஊர்களில், சில நாட்களில் அப்படி நடக்கவில்லை. அந்த ஊர்களில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வோம். அது தெரிந்தால், நம் ஊர்ப் பள்ளியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

பீகாரில் ஒரு மதிய உணவு

பீகார் மாநிலத்தில் சாரண் மாவட்டம் இருக்கிறது. அங்கே கண்டாமன் என்று ஒரு கிராமம். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஊர்ப் பொதுக் கட்டடத்தில்தான் பள்ளி நடந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி. அன்றைக்கு மதியம் சோறும், உருளைக்கிழங்கு சோயாக் கூட்டும் சமைத்தார்கள்.

எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகள் கூட்டு கசக்கிறது, ருசி வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை. சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சற்று நேரத்தில் பிள்ளைகளுக்கு வயிற்று வலி வந்தது. வாந்தி எடுத்தார்கள். மயங்கி விழுந்தார்கள். பக்கத்து ஊரான மஷ்ரக்கில் உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே முடியவில்லை என்று சப்ரா நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பாட்னாவுக்கு அனுப்பினார்கள். 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமைத்த பெண்ணும் அதே உணவைச் சாப்பிட்டு மருத்துவமனையில் கிடந்தார்.

அந்த எண்ணெயைச் சோதனைச் சாலையில் பார்த்தார்கள். அதில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. அது பருத்திக்கும் நெல்லுக்கும் அடித்து வந்த பூச்சி மருந்து. நம்மில் பலர் அதன் வாடையை வயலில் முகர்ந்திருப்போம். பூச்சி மருந்து எங்கே இருந்ததோ, அதன் பக்கத்தில் சமையல் எண்ணெயும் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். சமைத்த பெண்ணின் மூக்கு சரியாகத்தான் சொன்னது. பிள்ளைகளின் நாக்கும் சரியாகத்தான் சொன்னது. அந்த நேரத்தில் கூட்டைக் கீழே கொட்டியிருந்தால் ஒரு வேளைப் பட்டினிதான். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது.

ருசி பார்க்க வேண்டியது யார்?

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்பு பெரியவர்கள் உணவை ருசி பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பேர் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் ஆசிரியராக இருக்க வேண்டும். மதிய உணவுத் திட்டத்துக்கு மத்திய அரசு சொல்லியிருக்கிற முறை இது. பார்த்தவர்கள் யார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளின் தாய்மார்கள் முறை வைத்து வந்து ருசி பார்க்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் போனால் "ஏன் வந்தீர்கள்?" என்று யாரும் கேட்க முடியாது.

இந்தத் திட்டத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு பெயர். தமிழ்நாட்டில் சத்துணவு என்கிறோம். மத்திய அரசு 2021இல் பி.எம். போஷண் என்று பெயர் மாற்றியது. பெயர் எதுவானாலும் தட்டில் விழ வேண்டிய அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி 5ஆம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, ஏழரை கிராம் எண்ணெய்.

ருசி பார்க்கப் போகிறவர்கள் சமையல் கூடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். எண்ணெய் எதில் இருக்கிறது? மூடி முத்திரையிட்ட பாக்கெட்டா, யாரோ கொடுத்த பழைய கேனா? அரிசி மூட்டை ஈரத் தரையில் கிடக்கிறதா? பினாயில், பிளீச்சிங் பவுடர், எலி மருந்து எல்லாம் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? கொதிக்கிற சாம்பார் அண்டாவைத் தரையில் வைத்து, அதைச் சுற்றிப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கிறார்களா? அண்டாவில் தடுக்கி விழுந்த பிள்ளை பிழைப்பது கஷ்டம். அண்டாவைத் தூக்கி மேடை மேல் வைக்கச் செலவு ஒன்றும் இல்லை.

பூச்சி மருந்து காலி டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது பள்ளிக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. நம் வீடுகளிலும் கழுவிவிட்டுத் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்கிறோம். எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. டப்பாவைக் குத்தி ஓட்டை போட்டு, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

சாப்பிட்ட பிள்ளைகள் பலர் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108க்கோ 112க்கோ போன் செய்ய வேண்டும். கிடைக்கிற வண்டியில் ஏற்ற வேண்டும். மீந்த உணவையும் எண்ணெய் டப்பாவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கு உரிய மாற்று மருந்தைக் கொடுக்க முடியும்.

மேலிருந்து உதிர்ந்த கற்கள்

ராஜஸ்தானில் ஜாலாவாட் மாவட்டம். அங்கே பிப்லோடி என்ற ஊரில் ஒரு அரசுப் பள்ளி. 2025ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி காலை. மழைக் காலம். பிள்ளைகள் வகுப்பில் இருந்தபோது கூரை இடிந்து விழுந்தது. 7 பிள்ளைகள் இறந்தார்கள். பலருக்கு அடிபட்டது.

கூரை விழுவதற்கு முன்பு மேலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உதிர்ந்தனவாம். பிள்ளைகள் அதை ஆசிரியரிடம் சொன்னார்களாம். பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டார்கள் என்று தப்பித்த பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். அடுத்த நாளே மத்திய கல்வி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. பள்ளிக் கட்டடங்களைச் சோதித்துப் பாருங்கள் என்றது.

கட்டடம் திடீரென்று விழுவது அபூர்வம். விழப்போகிறது என்று முன்பே காட்டும். கூரையில் காரை பெயரும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும். மழை பெய்தால் சுவரில் ஈரம் இறங்கும். விரிசல் போன மாதம் நூல் அளவு இருந்தது, இந்த மாதம் விரல் அளவு இருக்கும். கதவு சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் இடிக்கும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் போய்ப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. மரத்தடியில் பாடம் நடத்தினாலும் பாதகம் இல்லை. இதைப் பார்க்க இன்ஜினியர் படிப்பு வேண்டாம். சரி செய்யத்தான் இன்ஜினியர் வேண்டும்.

தரையில் ஒரு பொந்து

கேரளத்தில் வயநாடு மாவட்டம். சுல்தான் பத்தேரி என்ற ஊர். படிப்பில் முன்னே நிற்கிற மாநிலம், அரசுப் பள்ளி. 2019ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, 5ஆம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தாள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு பொந்து. அதில் இருந்த பாம்பு அவள் காலில் கடித்தது. அந்தச் சிறுமி அன்றே இறந்துபோனாள்.

அவளோடு படித்த பிள்ளைகள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசினார்கள். பாம்பு கடித்தது என்று அவள் சொன்னாள், நாங்களும் சொன்னோம், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை என்றார்கள். சின்னப் பிள்ளைகள் பயப்படாமல் பேசியதை நாடே பார்த்தது.

ஒரு பொந்தை அடைக்க ஒரு சட்டி சிமெண்டு போதும். கொத்தனாருக்கு அரை மணி நேர வேலை.

பாம்புக் கடி என்று பிள்ளை சொன்னால் பல் பட்டிருக்கிறதா, எந்தப் பாம்பு என்று ஆராய்ந்துகொண்டு இருக்கக் கூடாது. பிள்ளையை நடக்க விடக் கூடாது. கடித்த காலை அசையாமல் வைக்க வேண்டும். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். மந்திரிக்கவும் வேண்டாம். பாம்பு விஷத்துக்கு மருந்து உண்டு. அது அரசு மருத்துவமனையில் கிடைக்கும். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, பள்ளிச் சுவரில் எழுதி வைத்துவிட வேண்டும். கடித்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

வாயை மூடுகிற பயம்

பீகார், ராஜஸ்தான், கேரளம். மூன்று ஊரும் வேறு வேறு. பாஷை வேறு. ஆனால் மூன்று இடத்திலும் பிள்ளைகளுக்கு முதலில் தெரிந்தது. பிள்ளைகள் வாய் திறந்து சொன்னார்கள். பெரியவர்கள் கேட்கவில்லை.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

"அம்மா, எங்க கிளாசுல மேலேர்ந்து மண்ணு விழுது."

"பள்ளிக்கூடம் போகாம இருக்க ஒரு சாக்கா? போடா!"

பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்தப் பையன் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

பிள்ளை சொல்லாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் பிரம்பு. கேள்வி கேட்டால் அடி, எதிர்த்துப் பேசினால் அடி என்று பழகிய பிள்ளை, சோறு கசந்தாலும் பேசாமல் விழுங்கும். அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடிங்க சார்" என்று நாமே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அடி வாங்கிய பிள்ளை நன்றாகப் படிக்கிறதோ இல்லையோ, நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்கிறது.

சட்டம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, எந்தப் பிள்ளையையும் உடலை வருத்தித் தண்டிக்கக் கூடாது, மனத்தை நோகடிக்கவும் கூடாது என்கிறது. பிரம்படி, முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது எல்லாம் உடலை வருத்துகிற தண்டனை. எல்லார் முன்னாலும் "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டுவது மனத்தை நோகடிப்பது. இரண்டும் தப்பு.

சாதியைச் சொல்லித் தனியே உட்கார வைப்பதும், சில பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவச் சொல்வதும் இதில் சேரும். பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. படிப்பை நிறுத்திய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலர் பாடம் புரியவில்லை என்று நிற்கவில்லை என்பது தெரியும்.

பிள்ளை மனத்தில் ஏதோ இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சில பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கும். நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி வரும். ஓடியாடிய பிள்ளை மூலையில் உட்காரும். ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொன்னால் முகம் மாறும். அப்போது மிரட்டிக் கேட்கக் கூடாது. வேலையை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்க வேண்டும். "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டால் போதும், மீதியை அது சொல்லும்.

பிள்ளையின் உடம்பை யாராவது தப்பாகத் தொட்டிருந்தால் அது குற்றம். பெண் பிள்ளைக்கும் சரி, ஆண் பிள்ளைக்கும் சரி, சட்டம் ஒன்றுதான். போக்சோ என்ற அந்தச் சட்டம் 2012இல் வந்தது. 18 வயது ஆகாத எல்லாரையும் அது காக்கிறது. இப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பவரும் குற்றவாளிதான். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்க முடியாது. புகார் கொடுத்தால் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களே என்று பயப்பட வேண்டாம். போலீசார்தான் பிள்ளையின் வீட்டுக்கோ, பிள்ளை விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது. கூடிய வரை பெண் அதிகாரி வந்து எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெயரும் படமும் வெளியே வரக் கூடாது.

1098 என்ற எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண். இரவும் பகலும் பேசலாம். காசு கிடையாது. பிள்ளையே பேசலாம், நாமும் பேசலாம்.

கும்பகோணத்துக்குப் பிறகு

தீ விபத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004ஆம் ஆண்டு கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்தது. சமையல் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையில் பற்றியது. மாடியில் கூட்டமாகப் பிள்ளைகள் இருந்தார்கள். வெளியே வர வழி குறுகல். 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். அதுவும் ஜூலை 16ஆம் தேதிதான். பீகார்ப் பிள்ளைகள் அந்த உணவைச் சாப்பிட்ட அதே தேதி.

அதன் பிறகு ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2009இல் தீர்ப்பு வந்தது. பத்திரமான பள்ளியில் படிப்பதும் பிள்ளையின் கல்வி உரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. பள்ளிகளில் தீ அணைக்கும் கருவி இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும், கட்டடம் விதிப்படி இருக்க வேண்டும் என்று கட்டளை இட்டது.

நீங்கள் பள்ளிக்குப் போகும்போது வகுப்பிலிருந்து வாசல் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் பழைய பெஞ்சு அடுக்கி இருக்கிறதா? பக்கத்துக் கதவு பூட்டிக் கிடக்கிறதா? சாவி யாரிடம்? சிவப்பு நிறத்தில் தீ அணைக்கும் கருவி தொங்கும். அதில் தேதி எழுதியிருக்கும். தேதி முடிந்துபோயிருந்தால் அது வெறும் இரும்பு. மாதம் ஒரு முறை மணியை நீளமாக அடித்து, பிள்ளைகளை வரிசையாக வெளியே கொண்டுவந்து, பெயர் கூப்பிட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும்.

கக்கூஸையும் பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டடம் இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது, தண்ணீர் இருக்காது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு வருகிற பெண் பிள்ளைகள் நிறையப் பேர். மத்தியானம் தலை வலிக்கிறது என்பார்கள். நாம் வெயில் என்று நினைப்போம்.

குழுவில் நாமும் உண்டு

இதையெல்லாம் பார்க்க நமக்கு என்ன அதிகாரம் என்று கேட்கலாம். அதிகாரம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 20 பேர் உள்ள குழு என்றால் 15 பேர் பெற்றோர், 10 பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் எழுதுவது இவையெல்லாம் குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளியில் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம்.

மாதம் ஒரு முறையாவது குழு கூட வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதி சொல்கிறது. பேசியதை நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

பல ஊர்களில் குழு காகிதத்தில்தான் இருக்கிறது. உறுப்பினராக இருக்கும் அக்காவுக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது. நோட்டு வீட்டுக்கு வரும். கை நாட்டு வாங்கிப் போவார்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். கையெழுத்துப் போடும் முன்பு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மெதுவாகப் படித்தாலும் பரவாயில்லை. அவர் நிற்கட்டும்.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போவது போலப் போக வேண்டாம். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு, சத்துணவுக் கணக்கும் எழுதி, ஓட்டுப் பட்டியல் வேலையும் பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன. கூரை ஒழுகுவது அவருக்கும் தலைவலிதான். அவர் மட்டும் எழுதினால் மேலே இருப்பவர்கள் படிக்காமல் வைத்துவிடலாம். ஊரில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு எழுதினால் அப்படி வைக்க முடியாது.

ஒரு மனு எழுதுவோம்

பெரிய வார்த்தைகள் வேண்டாம். என்ன குறை, எங்கே, எப்போதிலிருந்து, என்ன செய்ய வேண்டும் என்று இருந்தால் போதும். இப்படி எழுதலாம்.

"அனுப்புநர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் பெற்றோர்களும்.
பெறுநர்: வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்.
ஐயா, எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 3ஆம் வகுப்பு அறையின் கூரை பெயர்ந்து விழுகிறது. கம்பி வெளியே தெரிகிறது. இரண்டு மாதமாக விரிசல் பெரிதாகி வருகிறது. அந்த அறையில் 28 பிள்ளைகள் படிக்கிறார்கள். உடனே இன்ஜினியரை அனுப்பிப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த அறையைப் பூட்டி வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.
இப்படிக்கு,"

கீழே எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். தேதி போட மறக்கக் கூடாது. முடிந்தால் விரிசலின் போட்டோவையும் சேர்த்து வைக்கலாம்.

மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுங்கள். மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனுவைக் கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது. நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் உரிமை பற்றிய புகாரை ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பிடம் எழுதிக் கொடுக்கலாம். அது மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. அந்த முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு எழுதலாம்.

பள்ளிக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று தெரிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். மத்திய அரசு அலுவலகத்தில் கட்டணம் 10 ரூபாய். பெரும்பாலான மாநிலங்களிலும் அதே கட்டணம்தான். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

முத்திரை போட்ட தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோய், என்ன பதில் வந்தது என்று கேட்டு, அந்தப் பதிலையும் நோட்டில் எழுத வையுங்கள்.